இடது ஸ்பீக்கர் மட்டும் மங்குகிறது: விலை உயர்ந்த கேபிள் வாங்கத்தான் வேண்டுமா?

புளியரை வாசி:
வணக்கம். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், 6 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. வலது ஸ்பீக்கர் அருகிலேயே இருக்கிறது. இடதுக்கு ஒயர் கதவு நிலையைச் சுற்றி 12 மீட்டர் போகிறது. நடுவில் பீரோவுக்குப் பின்னால் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். சாரல் தொடங்கியதிலிருந்து இடது பக்கம் ஒலி தணிந்து, இடையிடையே கரகரக்கிறது. கச்சேரிப் பதிவைப் போட்டால் தவில்காரர் பாதியில் எழுந்து போய்விட்டதுபோல் இருக்கிறது. இது போதாதென்று இரண்டு ஸ்பீக்கரிலும் மெல்லிய 'உம்ம்' இரைச்சல் வேறு.

கடையில் கேட்டேன். ஆக்சிஜன் நீக்கிய தாமிரம், தங்க முலாம் பூசிய முனை, மீட்டர் 900 ரூபாய் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சம நீளம் வேண்டுமாம். அப்படியானால் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது! வாங்கத்தான் வேண்டுமா?

தென்காசி மெக்கானிக்:
தம்பி, பணத்தை எடுக்காதீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் இடது ஒயரையும் வலது ஒயரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றம் ஆம்ப்ளிஃபையரில், அல்லது அதற்கு முன்னால். இடதிலேயே நின்றால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ.

பிறகு ஒயரின் நுனியில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வரை செம்பு நிறம் இருந்தால் தாமிரம். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் தாமிரம் பூசிய அலுமினியம். மலிவு ஒயர்களில் பல இந்த வகைதான், அட்டையில் மட்டும் பளபளப்பாக எழுதியிருப்பார்கள்.

புனலூர்த் தமிழன்:
கடைக்காரர் சொன்னதில் ஒன்று சரிதானே? நீளம் வேறுபட்டால் ஒரு பக்கத்து ஒலி பிந்தி வராதா?

கம்பம் இயற்பியல்:
வராது. 10 மீட்டர் கூடுதல் ஒயரைக் கடக்க மின்குறிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடியின் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. கேட்பவர் சோபாவில் ஒரு விரற்கடை நகர்ந்தால் அதைவிடப் பன்மடங்கு வேறுபாடு வந்துவிடும்.

நீளத்தால் வருவது மின்தடை. போக, வர 24 மீட்டர். குறுக்குவெட்டு அரை சதுர மில்லிமீட்டர் உள்ள, தாமிரம் பூசிய அலுமினிய ஒயர் என்றால் தடை 1.3 ஓம் அளவுக்கு வரும். 6 ஓம் ஸ்பீக்கருக்கு இது மிக அதிகம். ஸ்பீக்கரின் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்குள் ஒயரின் தடை இருக்கட்டும் என்பது பழகிய கணக்கு. தாமிரத்தில் 1.5 சதுர மி.மீ. என்றால் 0.28 ஓம், எல்லைக்குள் வந்துவிடுகிறது. 2.5 என்றால் 0.17; கவலையே இல்லை. மின்சாமான் கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கிடைக்கும் பல இழைத் தாமிர ஒயரே போதும். ஆக்சிஜன் நீக்கியதற்கும் சாதாரணத் தாமிரத்துக்கும் கடத்துதிறனில் ஓரிரு விழுக்காடுகூட வேறுபாடு இராது. தங்க முலாம் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் தளர்ந்த திருகை அது இறுக்கிக்கொடுக்காது.

புளியரை வாசி:
மாற்றி மாட்டியும் கோளாறு இடதிலேயே நிற்கிறது. சுரண்டினேன், உள்ளே வெள்ளை! ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, இந்த முனையில் மல்டிமீட்டர் வைத்தேன். 2 ஓம் காட்டுகிறது. ஜாயின்ட்டை ஆட்டினால் எண் துள்ளுகிறது. டேப்பைப் பிரித்தால் பச்சைக் களிம்பும் வெள்ளைப் பொடியும்.

தென்காசி மெக்கானிக்:
அதேதான். தாமிரமும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிக்கும். ஆரியங்காவு வழியாகச் சாரல் வந்து விழும் ஊரில் டேப் சுற்றிய ஜாயின்ட் எத்தனை நாள் தாங்கும்? 2.5 தாமிரம் வாங்கி, இடையில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக இழுங்கள். திருகில் மாட்டும் நுனிக்கு ஈயம் வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் அழுந்தித் திருகு தளர்ந்துவிடும். இழைகளை நன்றாக முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் இறுக்குங்கள். பக்கத்துத் திருகைத் தொட்டால் ஆம்ப்ளிஃபையருக்கே ஆபத்து.

புளியரை வாசி:
நன்றி அண்ணாச்சி. 'உம்ம்' இரைச்சல்?

கம்பம் இயற்பியல்:
டிஷ் பெட்டி ஆம்ப்ளிஃபையரோடு இணைந்திருக்கிறதா? மாடியிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள்.

புளியரை வாசி:
கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது, அக்கா!

கம்பம் இயற்பியல்:
அப்படியானால் எர்த் சுற்று. டிஷ் கேபிளின் உறை ஒரு வழியாகவும், ஆம்ப்ளிஃபையரின் மூன்று முள் பிளக் இன்னொரு வழியாகவும் தரையைத் தொடுகின்றன. இடையில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் கேபிள் வாங்கினாலும் இது போகாது. பெட்டியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஆடியோ ஐசொலேட்டர் (ஒலிக்குறியை மட்டும் விட்டு, எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) ஒன்று போடுங்கள். சிலர் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

தென்காசி மெக்கானிக்:
புது ஒயர் இழுத்தபின் கூட்டல், கழித்தல் மாறாமல் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறினால் தவில் மறுபடியும் மெலியும். ஒயரின் இந்த முனை ஆம்ப்ளிஃபையரில் மாட்டாமல் இருக்கும்போதே அதில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் கூட்டலைக் கூட்டல் கம்பியில் வைத்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே வர வேண்டும்.