ஐயாவின் தகரப்பெட்டி: தபால்தலைகளை விற்பதா, பிரிப்பதா, வைத்துக்கொள்வதா?

பள்ளத்தூர்க்காரர் கேட்கிறார்:

பள்ளத்தூரில் எங்கள் பூர்விக வீடான வளவைப் பங்காளிகள் நால்வரும் சேர்ந்து சென்ற மாதம் ஒழுங்குபடுத்தியபோது, இரண்டாம் கட்டில் பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடந்த அறையிலிருந்து ஒரு தகரப்பெட்டி வெளியே வந்தது. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவின் இரங்கூனிலிருந்த வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகப் போய், மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, கடைசியில் கடையை நடத்தும் மேலாளாக இருந்தவர். அவருடைய அண்ணன் மலாயாவின் ஈப்போவில் வட்டிக்கடை வைத்திருந்தார். இருவரும் ஊருக்கு எழுதிய கடிதங்கள் உறைகளோடு சணல் கயிற்றில் கட்டுக்கட்டாக அந்தப் பெட்டியில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்ததில் முந்நூற்றுக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. மிகப் பழைய அஞ்சல் முத்திரை 1926 என்று தெரிகிறது. இவை தவிர, ஐயா ஊர் திரும்பியபின் பொழுதுபோக்காகச் சேர்த்த இரண்டு ஆல்பங்கள் உள்ளன. அவற்றில் பத்து ரூபாய்க் காந்தித் தலை ஒன்றும், மயில் உருவம் குத்திய பர்மாத் தலைகள் சிலவும், எழுபதுகளுக்குப் பிந்தைய முதல்நாள் உறைகள் (புதுத் தலையை ஒட்டி, அது வெளியான நாளின் முத்திரையிட்ட உறைகள்) ஏராளமாகவும் இருக்கின்றன.

காரைக்குடியில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் பெட்டியை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு மொத்தத் தொகை கூறினார். என் தம்பி, உறைகளிலிருந்து தலைகளை வெட்டியெடுத்து நாடுவாரியாக அடுக்கினால் இன்னும் நல்ல விலை போகும் என்கிறார். பெரியப்பா மகனான அண்ணனோ, எல்லாவற்றையும் நான்கு பங்காக வைத்துச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வதே நியாயம் என்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுக்கிறாள். உண்மையில் இதற்கு விலை என்று ஒன்று உண்டா? வைத்துக்கொள்வதானால் எப்படிக் காப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோட்டையூர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்:

முதலில் தங்கள் தம்பியின் கையிலிருக்கும் கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இதை அனுபவப்பட்டவனாகச் சொல்கிறேன். பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் வீட்டுப் பரணிலிருந்த இரங்கூன் உறைகளின் மூலைகளை வெட்டி, பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தலைகளை உரித்தெடுத்துக் கோந்து தடவி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தேன். சிலவற்றில் மை கரைந்து தண்ணீரே சிவந்துபோனது. மிச்சமிருந்த உறைகளை அப்பத்தா அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டார். பின்னாளில் அஞ்சல் துறையில் வேலைக்குச் சேர்ந்து, முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நான் எதை அழித்தேன் என்பதே எனக்கு விளங்கியது.

உறையிலிருந்து பிரித்த ஒரு தலை, உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கும் தலைகளுள் ஒன்றாகிவிடுகிறது. அதே தலை உறைமேல் இருக்கும்போது, எந்த ஊரில் எந்த நாளில் தபாலில் சேர்ந்தது, எந்த வழியாக வந்தது, நம் ஊர் அஞ்சலகத்தை என்று அடைந்தது, எவ்வளவு கட்டணம் செலுத்தப்பட்டது என்பவற்றுக்கெல்லாம் சாட்சியாக நிற்கிறது. இன்று முனைப்பாகச் சேகரிப்பவர்கள் தேடுவது இந்தச் சாட்சியைத்தான்.

தங்கள் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 ஏப்ரல் 1 அன்றுதான் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. அதுவரை இரங்கூனில் விற்றவை இந்தியத் தலைகளே. ஆகவே 1926 உறையில் ஐந்தாம் ஜார்ஜ் படமிட்ட இந்தியத் தலையைக் கண்டு ‘இது உள்ளூர்த் தலைதானே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதன் மேலுள்ள இரங்கூன் முத்திரைதான் அதைப் பர்மாச் சேகரிப்பாளர்களிடம் கொண்டுசேர்க்கிறது. 1937-இல் அதே இந்தியத் தலைகளின்மீது ‘பர்மா’ என்று மேலச்சிட்டு விற்றார்கள். அடுத்த ஆண்டு ஆறாம் ஜார்ஜ் படத்துடன் பர்மாவுக்கெனத் தனித் தலைகள் வந்தன. இந்த மூன்று கட்டங்களும் ஒரே கை எழுதிய கடிதங்களில், ஒரே விலாசத்துக்கு வந்த உறைகளில், வரிசையாக ஒரு பெட்டியில் கிடப்பது எளிதில் வாய்க்காது. ஈப்போ உறைகளில் 1935-க்கு முந்தையவற்றில் பாயும் புலி இருக்கிறதா என்று பாருங்கள். அது கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தலை; அதன்பின் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலம் தன் சுல்தான் படமிட்ட தலைகளைத் தனியே வெளியிடத் தொடங்கியது.

1939 செப்டம்பர் முதல் 1941 முடிய உள்ள உறைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். போர்க்காலத் தணிக்கை அதிகாரிகள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, ஓரத்தில் அச்சிட்ட நாடாவை ஒட்டி முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த நாடாவை அழுக்கென்று நினைத்துப் பிய்த்துவிட வேண்டாம். வட்டி வரவும் நெல் விலையும் எழுதிய மேலாளின் கடிதத்தைத் தமிழ் தெரிந்த ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

மயில் குத்திய தலைகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அவை 1942-இல் ஜப்பானியர் வந்த காலத்தில், இருப்பிலிருந்த பர்மாத் தலைகளின் மேல் அச்சிடப்பட்டவை. அந்த ஆண்டு மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தபின் அங்கிருந்து நம் ஊருக்குச் சாதாரணமாகக் கடிதம் வரும் வழி அடைபட்டுவிட்டது. எனவே அவை குடும்பத் தபாலில் வந்தவையாக இருக்க முடியாது; ஐயா பிற்காலத்தில் உதிரியாக வாங்கியவையாகவோ, பரிசாகப் பெற்றவையாகவோ இருக்கலாம். மயில் அச்சில் போலிகள் மிகுதி. பத்து ரூபாய்க் காந்தித் தலையும் அப்படியே. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அந்த நான்கு தலைகளும் சுவிட்சர்லாந்தில் ஒளிச்செதுக்கு முறையில் அச்சானவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் படத்தின் நிறம் நுண்ணிய கட்டங்களாகத் தெரிய வேண்டும். துளைவிளிம்பின் அளவு, அதாவது இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கை, பதினொன்றரை இருக்க வேண்டும். இவ்விரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். விற்கும் எண்ணம் இருந்தால் நிபுணர் சான்றிதழ் பெறாமல் அந்தத் தலையைக் கைமாற்ற வேண்டாம்.

காரைக்குடி, கணக்குத் தணிக்கையாளர்:

மேலே பெரியவர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘முதலீடு’ என்ற சொல் இந்தப் பேச்சில் எப்படியும் நுழையும் என்பதால், அதன் முதுகெலும்பு எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உலகிலேயே மிக அதிக விலைக்குப் போன தபால்தலை, 1856-இல் வெளியான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை. அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2014-இல் அது ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏழாண்டு கழித்து, 2021-இல், 83 லட்சம் டாலருக்கு விற்றது. ஒன்றே ஒன்றாக இருப்பதற்கே இந்தக் கதி. ஸ்பெயினில் தபால்தலையில் பணம் போட்டால் ஆண்டுதோறும் நிச்சய வருமானம் தருவதாகச் சொன்ன இரண்டு நிறுவனங்கள் 2006-இல் முடக்கப்பட்டபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிக்கிக்கொண்டார்கள். தலைகளுக்குச் சந்தையில் இருந்த விலைக்கும் அவர்களுடைய கணக்கில் எழுதியிருந்த விலைக்கும் தொடர்பே இல்லை.

என் சொந்தக் கணக்கையும் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு நினைவுத் தலையையும் முதல்நாள் உறையோடு வாங்கினேன். 2006-இல் வந்த சந்தன மணத் தலையைத் தாள் தாளாக வாங்கினேன். சென்ற ஆண்டு விற்கப் போனபோது முகமதிப்புக்கும் குறைவாகவே கேட்டார்கள், அதுவும் மனமில்லாமல். லட்சக்கணக்கில் அச்சிட்டு, வாங்கிய எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு விலை ஏற வழியில்லை. விலைப் பட்டியல் புத்தகத்தில் இருப்பது கடைக்காரர் நல்ல பிரதியை விற்கும் விலை. நாம் விற்கும்போது அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். ஆகவே எழுபதுகளுக்குப் பிந்தைய உறைகளை மகளிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) ஏற்ற வேண்டிய சொத்தாக அவற்றை நினைக்க வேண்டாம்.

பள்ளத்தூர்க்காரர்:

இருவருக்கும் நன்றி. கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டேன். நேற்றிரவு ஈப்போ கட்டை மட்டும் பிரித்துப் பார்த்தோம், புலி இருக்கிறது. ஆனால் சில உறைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. ஆல்பத்தில் பல தலைகள் தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. என்ன செய்வது?

கண்டனூர் ஆச்சி:

ஒட்டிக்கொண்டதை இழுக்க வேண்டாம், தண்ணீரும் காட்ட வேண்டாம். பயன்படுத்தாத தலையின் பின்பசை போய்விட்டால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். தாளோடு சேர்த்து அப்படியே இருக்கட்டும். கை பழகியவரிடம் பின்னர் காட்டலாம்.

நம் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி வறண்ட வெயில்தான் என்றாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் வளவின் உள்ளறைகள் ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெகுநாள் விடாது. பழுப்புப் புள்ளி அந்த ஈரத்தில் வந்த பூஞ்சையின் வேலை. புள்ளி விழுந்தவற்றைப் பிரித்துத் தனியே வையுங்கள். நல்லவற்றோடு கிடந்தால் பரவும். அவற்றை வெயிலில் காயவைப்பதும் கூடாது, நிறம் வெளுத்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, வெள்ளைத் தாளின்மேல் பரப்பி வைத்தால் போதும். சணல் கயிற்றை எறிந்துவிடுங்கள். உறையின் விளிம்பை அறுப்பது அதுதான். இரும்புக் குண்டூசி, கிளிப்பு எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள், துரு இறங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் படத்தையே பிடித்துக்கொள்ளும். அமிலமில்லாத தாள் உறை கேட்டு வாங்குங்கள். ஆல்பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிற்க வையுங்கள். தலைகளை விரலால் தொடாமல் தட்டை முனை இடுக்கியால் எடுக்க உங்கள் மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பயந்து அந்துருண்டையை உறைகளுக்குள்ளேயே போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அது வேண்டாம். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே நல்ல காவல்.

பங்கு பிரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நகையைப் பிரிக்கலாம், பாத்திரத்தைப் பிரிக்கலாம். ஒரு கடிதத்துக்கு வந்த பதில் ஒரு வீட்டிலும், அந்தக் கடிதம் இன்னொரு வீட்டிலும் இருந்தால் இரண்டையும் எவரும் படிக்க மாட்டார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் அழைப்பிதழ்களும் துண்டு நோட்டீசுகளும் சிதறாமல் ஒரே தொகுப்பாக நின்றதால்தான், அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கவும், 1994-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமையவும் முடிந்தது. பெட்டியை வளவின் பொதுச்சாமானாக வையுங்கள். ஒவ்வோர் உறையையும் இருபுறமும், கடிதத்தையும் சேர்த்து, ஸ்கேன் செய்து நான்கு வீட்டுக்கும் கொடுத்துவிட்டால் எவருக்கும் குறை இருக்காது.

கோட்டையூர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்:

தங்கள் மகள் எட்டாம் வகுப்பு என்றீர்கள். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தபால்தலைச் சேகரிப்பில் ஈடுபடும் மாணவர்களுக்கு அஞ்சல் துறை ‘தீன்தயாள் ஸ்பர்ஷ்’ என்ற உதவித்தொகை வழங்குகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய். வினாடி வினாவும், தலைகளைக் கொண்டு ஒரு செயல்திட்டமும் உண்டு. பள்ளியில் தபால்தலை மன்றம் இல்லையென்றால், 200 ரூபாய் செலுத்தித் தபால்தலை வைப்புக் கணக்கு ஒன்று அவள் பெயரில் தொடங்கினாலும் போதும். ஈப்போப் புலியை வைத்தே அவள் செயல்திட்டத்தைத் தொடங்கலாம்.

பள்ளத்தூர்க்காரர்:

ஆச்சி சொன்னபடி சணலை அவிழ்த்துவிட்டோம். பெட்டியைக் கேட்டவரிடம் இப்போதைக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. தம்பி, வெட்டுவதை விட்டுவிட்டு ஸ்கேன் செய்யும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பத்து ரூபாய்க் காந்தியை உருப்பெருக்கியில் பார்த்தோம். கட்டங்கள் தெரிகின்றன, துளைவிளிம்பை அளக்க அளவுகோல் வாங்க வேண்டும். அண்ணன் இன்னும் முழுமனதாக ஒப்பவில்லை. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வருவதால், அன்று பெட்டியை வளவின் முன்கூடமான பட்டாலையில் வைத்து, சில கடிதங்களை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லலாமென்று இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன். பெட்டியின் அடியில், வருவாய்த் தலை (ரெவின்யூ ஸ்டாம்பு) ஒட்டிக் கையெழுத்திட்ட முறிகளும் (கடன் பத்திரங்களும்) உண்டியல்களும் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய வணிகச் சீட்டுகளும்) ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றில் இருப்பவை தபால்தலைகள் அல்ல என்பது தெரிகிறது. இவற்றையும் சேகரிப்பவர்கள் உண்டா, அல்லது பேரேடுகளோடு சேர்த்து வைத்துவிடலாமா?

கோட்டையூர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்:

உண்டு. வருவாய்த் தலைகளுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் தாளோடுதான் கேட்பார்கள். உண்டியலில் விலாச எழுத்துகளும் (கடையின் பெயரைக் குறிக்கும் முதலெழுத்துகளும்) தொகையும் தவணையும் தெளிவாக இருந்தால், அவற்றுக்கு உரிய இடம் பேரேட்டின் பக்கம்தான். எந்த உண்டியல் எந்தப் பக்கத்தில் வரவு வைக்கப்பட்டது என்று ஒத்துப் பார்த்து, இடையில் வெள்ளைத் தாள் கொடுத்து, அதே பெட்டியில் வையுங்கள்.