"தலையில நீர் கோத்துக்கிச்சு சிஸ்டர்"னாங்க, நானும் சரின்னுட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

நைட்டுடூட்டி:
ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் சுக்கு வாசனை வந்தா வயித்தைக் கலக்குது. தாலுகா ஆஸ்பத்திரி லேபர் வார்டு, நைட்ல நானும் ஒரு ஆயாவும்தான். முதல் பிரசவம், 36 வாரம், லேசா இடுப்பு வலின்னு அட்மிஷன். வந்தப்ப பிபி 138/88, பார்டர்தானேன்னு யாரும் கண்டுக்கல. ஒரு மணிக்கு மாமியார் வந்து நீர் கோத்துக்கிச்சு, பத்து போட்டிருக்கோம்னாங்க, பாத்தா நெத்தி பூரா சுக்குப் பத்து. எங்கம்மாவும் தலை வலிச்சா இதேதான் சொல்லும், அதனாலயோ என்னவோ என் காதுல தலைவலின்னே விழல, சளின்னுதான் விழுந்துச்சு. தூங்கட்டும்னு வந்துட்டேன்.

மூணு மணிக்கு பக்கத்து பெட்ல டிரிப்ஸ் மாத்தப் போறேன், போர்வைக்கு வெளிய அந்தப் பொண்ணு கால். மெட்டி போட்ட விரல்ல ரெண்டு பக்கமும் சதை பிதுங்கி மெட்டியே உள்ள புதைஞ்சு கிடக்கு. "நேத்து வரைக்கும் லூசாதான்க்கா இருந்துச்சு"ங்குது. கண்ணு எப்படிம்மா இருக்குன்னா, லைட்டைச் சுத்தி பூச்சி பறக்குதாம். பிபி 170/110, யூரின்ல அல்புமின் (புரதம்) 3 பிளஸ். டாக்டரை எழுப்பி, பிபிக்கு மருந்து குடுத்து, ஃபிட்ஸ் வராம இருக்க மக்சல்ஃப் ஊசி முதல் டோஸ் போட்டு 108ல மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். ஃபிட்ஸ் வரல, தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. ஆனா அந்த ரெண்டு மணி நேரம்??

ஓடிஅக்கா:
பத்து மேல பழியப் போடாதீங்க. மாசமா இருக்கிறவ தலை வலிக்குதுன்னு எந்த பாஷைல சொன்னாலும் முதல்ல பிபி. 138/88 பாத்தப்பவே திரும்ப பாத்திருக்கணும், அது உங்க தப்பு மட்டும் இல்ல, டூட்டி ஒப்படைச்சவங்க தப்பும்தான். மெட்டிய கழட்டினீங்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே? எங்க ஓடில, அதான் ஆபரேஷன் தியேட்டர்ல, ஒரு தடவை தாலிய கழட்டச் சொல்லி பெரிய கலாட்டா, அந்தம்மா டேபிள்ல இருந்தே இறங்கிட்டாங்க. அதுல இருந்து மஞ்சக் கயிறு ஒண்ணு ரெடியா வச்சிருக்கோம், அதைக் கட்டிவிட்டுட்டுதான் தங்கத்தைக் கழட்டுறது.

ஸ்கார்பரோ_பிள்ளை:
நான் கனடாவில ஆர்.பி.என்., நர்ஸ் வேலைதான். இடுப்பு ஒப்பரேஷன் முடிஞ்ச அம்மம்மா ஒராள், மூண்டாம் நாள். நோ எத்தினை எண்டு பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள கேட்டா மகன்தான் இங்கிலீசில "ரெண்டு" எண்டுவார், சார்ட்டிலயும் எல்லாரும் ரெண்டு எண்டே எழுதியிருக்கினம். மகன் கோப்பி வாங்கப் போன நேரம் நான் மெல்லமாக் கேட்டன், "அம்மம்மா, குத்துதோ உளையுதோ?" அவ என்ர கையைப் பிடிச்சு தன்ர கெண்டைக்காலில வைச்சா. கொதிக்குது! மற்றக் காலை விட வீக்கம். உடன எனக்கு மேல இருக்கிற நர்ஸ், ஆர்.என்.னிட்ட சொல்லி, ஸ்கான் எடுத்தா ரத்தக்கட்டி. பிறகு மகன் கேட்டார், நீங்கள் தமிழ் எண்டு ஏன் முதல் நாளே சொல்லேல்லை எண்டு. சொன்னா வார்டில இருக்கிற எல்லாத் தமிழ் ஆக்களுக்கும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவினம், அதுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தனான். அதை அவரிட்ட எப்பிடிச் சொல்லுறது.

ரோஸ்நிற_யூனிஃபார்ம்:
எல்லாரும் சோகமாவே எழுதுறீங்க. எனக்கு ஒரு பாய், சுகர் பேஷன்ட், நோன்பு நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டிக்கிட்டு வந்தாரு, சுகர் 52. இன்னும் ரெண்டரை மணி நேரம்தானே சிஸ்டர்னு குளுக்கோஸ் தண்ணிய தொடவே மாட்டேன்னுட்டாரு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு போன் போட்டு பேச வச்சோம், அப்புறம்தான் குடிச்சாரு. அவ்ளோதான் கதை. ஆனா புதுசா டூட்டிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன், "நோன்பு வைக்காதீங்க"ன்னு எடுத்தவுடனே சொல்லாதீங்க, சொன்னா அடுத்த வருசம் உங்ககிட்ட சொல்லாமயே வைப்பாங்க. ரம்ஜானுக்கு ஒரு மாசம் முன்னாடியே கேளுங்க. மாத்திரை இன்சுலின் நேரத்தை டாக்டர்தான் சஹருக்கும் (விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுறது) நோன்பு திறக்கறதுக்கும் தகுந்த மாதிரி மாத்தித் தரணும், அவங்களா மாத்திக்கக் கூடாது. விரல்ல குத்தி சுகர் பாத்தா நோன்பு முறிஞ்சிரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, முறியாது, அதையும் ஹஜ்ரத் வாயாலயே கேக்க வைங்க. 70க்கு கீழ போனாலோ 300க்கு மேல போனாலோ உடனே திறந்துரணும், நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்கு, அப்புறமா அந்த நோன்பை வச்சுக்கலாம். அப்புறம் ஓடிஅக்கா, நைட்ல ஒத்த ஆளா எத்தனை பெட் பாத்திருக்கீங்க நீங்க?

ஓடிஅக்கா:
முப்பது. 138/88 பத்தி பேசிக்கிட்டிருக்கோம், நோன்பு பத்தி யாரு கேட்டா இங்க?

நைட்டுடூட்டி:
சண்டை வேணாம்க்கா, நீங்க சொன்னது சரிதான். மெட்டி சோப்பு போட்டும் வரல, கழட்டக் கூடாதுன்னு சொன்ன மாமியாரே கட்டர் வச்சு வெட்டுங்கன்னுட்டாங்க. வெட்டின துண்டை முந்தானைல முடிஞ்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறும்போது, "அப்ப நான் பத்து போட்டதுதான் தப்பா சிஸ்டர்?"னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். என்கிட்ட வந்து சொன்னப்பவே நான் பிபி பாத்திருக்கணும்னு சொல்ல வாய் வரல.