கவாகுச்சி: ஃபவுண்டரி இருந்த இடத்தில் எங்கள் ஃபிளாட்

டோக்கியோவில் வேலை, வீடு மட்டும் வெளியே என்று இருப்பவர்கள் தங்கள் ஊரைப் பற்றி இங்கே எழுதியதையெல்லாம் படித்தேன். நான் இருப்பது சைதாமா மாகாணத்தின் கவாகுச்சியில். அராகாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் டோக்கியோ. ரயில் ஏறினால் அடுத்த நிலையமே அகாபானே, அது தலைநகரக் கணக்கு. எங்கள் நிலையத்தில் நிற்பது கெய்ஹின்-தொஹோகு தடத்து ரயில் மட்டும்தான். பக்கத்துத் தண்டவாளத்தில் தூரத்து ரயில்கள் நிற்காமல் பறக்கும். காலை நெரிசலில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவற்றை வேடிக்கை பார்ப்பதில் ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு.

இங்கே குடிவருபவர்கள் வாடகை எவ்வளவு, நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று இரண்டைத்தான் பார்க்கிறார்கள். ஊருக்கு என்ன தொழில் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்துப் பெரியவர். ஃபவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் பட்டறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் கட்டடம் நிற்பதே ஒரு பழைய ஃபவுண்டரி மனையில்தான் என்பார்.

ஆற்றோரத்தில் அச்சுக்கு வாகான மணலும் களிமண்ணும் கிடைத்தன. வார்த்த பானையையும் கெட்டிலையும் படகில் ஏற்றினால் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரச் சந்தை பக்கத்திலேயே இருந்தது. அப்படி வளர்ந்த தொழில் பின்னால் இயந்திர பாகங்கள், சாக்கடை மூடிகள் என்று விரிந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பட்டறைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1998இல் 55 மாடிக் கோபுரமே வந்துவிட்டது. பியர் ஆலை இருந்த இடம் இப்போது பெரிய ஷாப்பிங் மால். மிச்சமிருக்கும் பட்டறைகளுக்குப் போய்ச் சத்தம் அதிகம் என்று புதுக் குடித்தனக்காரர்கள் முறையிடுவதைச் சொல்லும்போது பெரியவருக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். "அவர்களுக்கு முன்னால் வந்தது பட்டறைதானே" என்பார். நியாயம்தான், ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவனாக நான் மறுபக்கமும் பேசுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை அவோகிச்சோ பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஆள் உயரத்துக்கும் மேலான வார்ப்பிரும்புக் கொப்பரை ஒன்று நிற்கிறது. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சுடர் ஏற்றும் கொப்பரை வேண்டியிருந்தது. செய்யும் பொறுப்பை ஏற்றவர் இந்த ஊர் வார்ப்புக் கலைஞர் சுசுகி மன்னோசுகே. உருகிய இரும்பை ஊற்றும்போது அச்சு பிளந்து எல்லாம் வீணானது. அவர் படுக்கையில் விழுந்து சில நாட்களிலேயே இறந்துபோனார். மகன் புங்கோவும் குடும்பத்தாரும் மறுபடி அச்சு கட்டி, குறித்த நாளுக்குள் இன்னொன்றை வார்த்துக் கொடுத்தார்கள். 1964 ஒலிம்பிக் சுடர் எரிந்ததும் அதில்தான். பூங்காவில் இருப்பது அச்சு பிளந்து பழுதான முதல் கொப்பரை, பிறகு சரிசெய்தது. புங்கோ பல வருடங்கள் அக்டோபரில் தேசிய ஸ்டேடியத்துக்குப் போய் அந்த இரண்டாவதை எள்ளெண்ணெய் போட்டுத் துடைத்து வந்தாராம். பெரியவர் அதைச் சொல்லிக்கொண்டே விரல் முட்டியால் கொப்பரையைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், "நல்ல இரும்பு" என்றார். எனக்கு எல்லா இரும்பும் ஒரே சத்தம்தான்.

நிலையத்துக்கு எதிரே நூலகம் இருக்கும் கட்டடத்துக்கு கியூபோலா என்று பெயர், இரும்பு உருக்கும் உலையின் பெயர். பாதிப் பேருக்கு அது தெரியாது.

பின்னூட்டம் 1

அருமை அண்ணா. நான் வராபி நிலையத்துப் பக்கம், ஷிபாசோனோ குடியிருப்பில் இருக்கிறேன். வராபி தனி நகரம், பரப்பளவில் ஜப்பானிலேயே மிகச் சிறியது, 5.11 சதுர கிலோமீட்டர். குடியிருப்பு மட்டும் கவாகுச்சி எல்லைக்குள் வருகிறது. 1978இல் கட்டிய 15 மாடி வரிசைகள். இப்போது பாதிக்கும் மேல் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனர்கள். குப்பை பிரிப்பு அறிவிப்பைச் சீனத்திலும் ஒட்டுவார்கள். நடுமுற்றத்து மேசைகளில் யாரோ சீனர்களைத் திட்டி எழுதியிருந்ததை, மாணவர்கள் சிலர் குடியிருப்பவர்களைக் கூட்டி வண்ணக் கைத்தடங்களால் மூடினார்கள். கோடைத் திருவிழாவில் மேடை கட்டுவது இன்னும் ஜப்பானியத் தாத்தாக்கள்தான், முதுகு வலியோடு. சுற்றி உட்கார்ந்து பார்ப்பது இளம் சீனக் குடும்பங்கள். போன வருடம் நான் மேசை தூக்கப் போனேன். ஒரு தாத்தா என்னிடம் கையுறை கொடுத்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் குளிர்ந்த பார்லி டீ ஒரு டம்ளர் வந்தது.

பின்னூட்டம் 2

வராபி என்றதும் ஒன்று: பெரியவர்களாகும் வயதை எட்டிய இளைஞர்களுக்கு ஜனவரியில் கிமோனோவும் கோட்டுமாக விழா எடுக்கிறார்களே, அதன் தொடக்கம் 1946 நவம்பரில் வராபியில் நடந்த இளைஞர் விழா. போரில் தோற்றுச் சோர்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தெம்பூட்ட நடத்தியது. எங்கள் அலுவலகத்து டோக்கியோக்காரர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அண்ணா, அந்தக் கொப்பரையைப் பார்க்க எப்படிப் போக வேண்டும்?

பதில்

நிலையத்தின் கிழக்கு வாசலில் பேருந்து கிடைக்கும் தம்பி. வெயில் இல்லாவிட்டால் நடந்தே வாருங்கள், வழியில் இன்னும் ஓடும் பட்டறை ஒன்றிரண்டு கண்ணில் படும். ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு உலை மூட்டமாட்டார்கள்.