லித்தியம் மட்டும் ஏன் தண்ணீரில் சாதுவாக இருக்கிறது? கெமிஸ்ட்ரி தெரிந்தவர்கள் உதவுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நேற்று ஒரு பையன் மடக்கிவிட்டான். "சார், லித்தியத்துக்கு மின்முனை அழுத்தம் −3.04 வோல்ட், சோடியத்துக்கு −2.71தான். அப்போ லித்தியம்தானே தண்ணியில அதிகமா ஆடணும்?"

(ஒரு உலோகம் எலக்ட்ரானை எவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கும் என்பதைக் காட்டும் அளவுதான் மின்முனை அழுத்தம்; எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு எளிது.) ஆற்றல் வேறு, வேகம் வேறுப்பா என்றேன். சோடியம் 98 டிகிரியிலேயே உருகி உருண்டையாகி ஓடும், பொட்டாசியத்துக்கு 63 போதும், லித்தியத்துக்கோ 180 வேண்டும், அதனால் அது கட்டியாகவே மிதந்து நுரைக்கிறது என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. சோடியமும் பொட்டாசியமும் தண்ணீரில் வெடிப்பதற்கு, அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிப்பதே காரணம் என்றுதான் நான் படித்தது. 2015இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் சோடியம்-பொட்டாசியக் கலவைத் துளியை அதிவேகக் கேமராவில் எடுத்தார்களாமே, எலக்ட்ரான்கள் சட்டென்று தண்ணீருக்குள் பாய்ந்துவிட, மிச்சமுள்ள நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி, துளி முள்முள்ளாகச் சிதறுகிறது என்று அந்த வீடியோவையே காட்டுகிறான்!

இதைப் பிளஸ் டூ அளவில் எப்படிச் சொல்வது? லித்தியத்தில் அந்தச் சிதறல் ஏன் தெரிவதில்லை?

அப்புறம் இன்னொன்று. கல்லூரி லேபில் மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து பிளேடால் நறுக்கிய சோடியம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளுக்கும் காட்ட ஆசை, ஆனால் மாடியில் செய்ய எனக்குத் தைரியமில்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் லேப் வசதியுள்ள ஆசிரியர் யாராவது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அரிசியளவு துண்டில் செய்துகாட்ட முடியுமா? பத்துப் பேரை நானே கூட்டி வருகிறேன்.