சிர்கோனியா தாங்கியின் பரப்பளவு 38-ஐத் தாண்டவில்லை, தவறு எங்கே?

கேள்வி (கூழ்மம்):
உலர் மீத்தேன் ரிஃபார்மிங்குக்கு (மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் வினைபுரியவைத்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பெறுவது) 10% நிக்கல் ஏற்றச் சிர்கோனியா தாங்கி (வினையூக்கியான நிக்கலைத் தாங்கும் நுண்துளைத் தூள்) தயாரிக்கிறேன். 32.2 கிராம் சிர்கோனியம் ஆக்சிகுளோரைடை (எட்டு நீர் கொண்டது) 500 மி.லி. நீரில் கரைத்து, அதில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 10-க்குக் கொண்டுவந்தேன். வெறும் நீரில் கழுவினால் கூழ் கலங்கி வடிதாளைத் தாண்டிவிடுகிறது. அதனால் நீர்த்த அம்மோனியாவால் மூன்று முறை கழுவினேன். குளோரைடு எஞ்சியிருக்கிறதா என்று கடைசி வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தபோது கலங்கல் இல்லை. 110° செல்சியஸில் உலர்த்தி, பீங்கான் கிண்ணம் நிறைய எடுத்து, நிமிடத்துக்கு 10° ஏற்றி, 600°-இல் 4 மணி நேரம் சுட்டேன். பரப்பளவு கிராமுக்கு 38 சதுர மீட்டர். எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) 30.2°-இல் டெட்ராகோனல் கோட்டோடு 28.2°, 31.5° மோனோகிளினிக் கோடுகளும் வருகின்றன (இவை சிர்கோனியாவின் இரு படிக வடிவங்கள்).

பதில் 1 (வெண்தூள்):
முதலில் அந்த சில்வர் நைட்ரேட் சோதனை செல்லாது. வடிநீரில் அம்மோனியா இருந்தால் சில்வர் குளோரைடு அதில் கரைந்துவிடும், குளோரைடு நிறைய இருந்தாலும் தெளிவாகவே தெரியும். 5 மி.லி. வடிநீரை நைட்ரிக் அமிலத்தால் நன்றாக அமிலமாக்கிவிட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பெரும்பாலும் பால்போல வெளுக்கும். (சில்வர் கலந்த அம்மோனியாக் கரைசலைச் சேமித்து வைக்கவே கூடாது. நாள்பட்டால் வெடிக்கும் படிவு உண்டாகும். உடனே அமிலமாக்கிக் கழிவுக் கலனில் சேருங்கள்.) நீர்த்த அம்மோனியாவால் கழுவுவது சரிதான், மூன்று முறைதான் போதாது. எஞ்சிய குளோரைடு சுடும்போது துகள்கள் ஒட்டி வளரத் துணைபோகும், பிறகு நிக்கலையும் கெடுக்கும்.

அடுத்து, ஊற்றும் வரிசை. அமிலக் கரைசலில் அம்மோனியாவை விட்டால் பிஎச் 1-இலிருந்து 10 வரை ஏறிக்கொண்டே போகும். முதலில் விழும் கூழும் கடைசியில் விழும் கூழும் ஒன்றல்ல. தலைகீழாகச் செய்யுங்கள்: அம்மோனியாக் கரைசலை நன்றாகக் கலக்கிக்கொண்டே அதில் சிர்கோனியக் கரைசலை விடுங்கள், பிஎச் 10-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

மூன்றாவது, சூடேற்றம். உலர்ந்த கூழ் 400–450° வாக்கில் படிகமாகும்போது ஒரேயடியாக வெப்பத்தைக் கக்கும். கிண்ணம் நிறைய இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை; உலையின் அளவி 430° காட்டும்போதே தூளின் நடுப்பகுதி அதைவிட வெகுவாகச் சுட்டிருக்கும். 3–4 மி.மீ. தடிமனுக்கு மேல் பரப்ப வேண்டாம். நிமிடத்துக்கு 1–2°, காற்றோட்டத்தில்.

பதில் 2 (சல்லடை):
மேலே சொன்னதோடு, படிந்த கூழை அதன் தாய்நீரிலேயே (அது படிந்த கரைசலிலேயே) 100°-இல் 24 மணி நேரத்துக்கு மேல் ஊறவிடுங்கள், பிஎச் குறைந்தால் அம்மோனியா சேர்த்தபடி. கூழின் கட்டமைப்பு இறுகி, 500°-இல் சுட்ட பிறகும் நூறைத் தாண்டும் பரப்பளவு கிடைக்கும்.

ஆனால் கண்ணாடிக் குடுவையில் வேண்டாம். சூடான காரம் கண்ணாடியிலிருந்து சிலிகாவைக் கரைத்தெடுக்கும்; அது சிர்கோனியாவில் படிந்து பரப்பளவைத் தானே தூக்கிவிடும். எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடுவோம், கையில் இருப்பதோ சிலிகா கலந்த வேறொரு தாங்கி. அமிலத்தன்மை கூடினால் ரிஃபார்மிங்கில் கரி படிவதும் கூடலாம். டெஃப்லான் கலனில் செய்து, எக்ஸ்ஆர்எஃப்பில் (என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) சிலிக்கான் இருக்கிறதா என்று பாருங்கள்.

உரலில் அழுத்தி அரைத்த பிறகா எக்ஸ்ஆர்டி எடுத்தீர்கள்? டெட்ராகோனல் படிகம் அறை வெப்பத்தில் நிலைப்பதே படிகம் சிறிதாக, தோராயமாக 30 நானோமீட்டருக்குள், இருப்பதால்தான். அழுத்தமே அதை மோனோகிளினிக்காக மாற்றிவிடும். அரைக்காமல் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள்.

கூழ்மம்:
அமிலமாக்கிப் பார்த்தேன், உடனே வெளுத்தது! அரைத்த பிறகுதான் எக்ஸ்ஆர்டி எடுத்தேன். நிக்கலை ஒரே தடவையில் ஏற்றலாமா? துளைக் கொள்ளளவு கிராமுக்கு 0.25 மி.லி.

பதில் 3 (வெண்தூள்):
முடியாது. 9 கிராம் தாங்கிக்கு 1 கிராம் நிக்கல் வேண்டும். ஆறு நீர் கொண்ட நிக்கல் நைட்ரேட்டாக அது 4.95 கிராம். துளைகள் கொள்வதோ 2.25 மி.லி. அந்த உப்பே ஏறத்தாழ 2.4 மி.லி. இடத்தை அடைக்கும். மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் 110°-இல் உலர்த்துங்கள். தூள் ஈரமாகி ஒட்டலாம், மேலே பளபளவென்று நீர் நிற்கக் கூடாது. நின்றால் நிக்கல் வெளியே தங்கிப் பெரிய துகளாகிவிடும்.