கனடா வாத்து வேட்டை: டிகாய் யூ வடிவமா, சின்னச் சின்னக் கூட்டமா?

வயல்வெளி:
அறுவடை முடிஞ்ச வயல், ஆறு டஜன் டிகாய், அதாவது பறக்கிற வாத்தை இறங்க வைக்கிற பொம்மை வாத்து. மொத்தத்தையும் யூ வடிவத்தில் வைப்பேன். திறந்த வாய் காற்று போகிற பக்கம், நடுவில் இறங்க இடம். வாத்து எதிர்காற்றில்தான் இறங்கும், நேரா வாய்க்குள்ளேயே வரும். இதில் விவாதிக்க என்ன இருக்கு?

ஓரக்கண்:
காற்றுக் கணக்கு சரி, யூ-தான் உறுத்துது. செப்டம்பரில் மேய்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? நூல் பிடிச்ச மாதிரி எந்த வாத்தும் நிற்காது. குடும்பம் குடும்பமா, நாலும் ஆறுமாப் பிரிஞ்சு நிற்கும், இடையில் வெறும் நிலம் கிடக்கும். அந்தப் பருவத்துக்கு இரண்டு டஜனே தாராளம்.

வயல்வெளி:
இரண்டு டஜன் தூரத்திலிருந்து கண்ணில் படுமா? பனி வாத்து வேட்டைக்காரங்க ஆயிரம்கூட வைக்கிறாங்களே!

ஓரக்கண்:
பனி வாத்து பெருந்திரளா வர்ற இனம், அதை இதோட சேர்க்காதீங்க. குளிர் முற்றி, வலசைக் கூட்டங்கள் ஒண்ணு சேர்ந்த பிறகு கனடா வாத்துக்கும் பெருசா, நெருக்கி வைக்கலாம். செப்டம்பரில் வேண்டாம்.

பனிக்கால்:
எண்ணிக்கைச் சண்டை கிடக்கட்டும். உங்க டிகாயில் தலை நிமிர்ந்தது எத்தனை? காவலுக்கு நிற்கிற வாத்துதான் தலையைத் தூக்கும். பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தா மிரண்ட கூட்டம்னு அர்த்தம், மேலே வட்டமடிச்சுட்டுப் போயிடும். பெரும்பாலும் மேய்கிற தலையா இருக்கணும். விடியலில் முதுகில் படியிற உறைபனியையும் துடைச்சு விடுங்க, வெயில் பட்டதும் மினுங்கும். அது சரி, நீங்க எங்கே படுக்கிறீங்க?

வயல்வெளி:
யூ-வின் அடியில்தான், நடுவில்.

பனிக்கால்:
இறங்குற வாத்து கடைசி வரை உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு வருது. நீங்க ஒளிஞ்சு படுக்கிற மறைவைப் பக்கவாட்டில், காற்றுக்குக் குறுக்கே தள்ளிப் போடுங்க. வாத்தின் கண் டிகாய் மேலேயே இருக்கும், உங்களுக்கும் பக்கவாட்டில் சுடக் கிடைக்கும். நான் பார்த்த வரை டிகாய் குறையால் கெட்டதைவிட மறைவு சரியில்லாமல் கெட்டதுதான் அதிகம்.

ஓரக்கண்:
இதை மறுக்க மாட்டேன். இன்னொண்ணு, கடைக்கோடி டிகாயை மறைவிலிருந்து 35 கஜத்தில் வைங்க. அதுதான் எல்லைக்கல், தாண்டி நிற்கிறதைச் சுடாதீங்க. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு கூடாது. அதுக்குப் பதிலாப் போடுற ஸ்டீல் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும், தூரத்தில் சுட்டா அடிபட்டும் பறந்து போற பறவைதான் மிஞ்சும்.

வயல்வெளி:
35 சரி, மறைவையும் மாற்றிப் பார்க்கிறேன். யூ-வை மட்டும் விட மாட்டேன். இரண்டு கையையும் குடும்பம் குடும்பமா உடைச்சு வைக்கிறேன், போதுமா?

ஓரக்கண்:
அப்புறம் அதை யூ-ன்னு ஏன் சொல்றீங்க?