ஏலாவை (நெல் வயலை) குடியிருப்பு மண்டலமா காட்டிருக்கு, ஆட்சேபணை எழுத உதவுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா. எங்க பேரூராட்சிக்கு முதல் தடவையா மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதுக்குன்னு மண்டலம் பிரிக்கிற திட்டம்) வருது. இதுவரை விளையில (மேட்டுத் தோட்டத்துல) வீடு, ஏலாவில நெல்லுன்னு ஊரே போட்ட கணக்குதான். எழுதி வச்ச மண்டலம் எதுவும் கிடையாது.

வரைவு வரைபடத்தைப் பார்த்ததும் திக்குன்னு ஆயிட்டு. பேச்சிப்பாறை அணைச் சானல் (கால்வாய்) தண்ணி பாயுற எங்க ஏலாவில பாதி 'குடியிருப்பு'. பக்கத்துல ரப்பர் நிக்குற மேட்டு விளை 'விவசாயம்'! ஆள் மாறி மாலை போட்ட மாதிரி இருக்கு. பள்ளத்துல வீடு கட்டினா மழைத்தண்ணி எங்க போவும்? குளத்துக்குப் போற ஓடையும் படத்துல இல்ல.

1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 26-ஆம் பிரிவுப்படி ஆட்சேபணைக்கு 2 மாசத்துக்குக் குறையாம தரணும். அந்த நாள் ஓடிட்டிருக்கு.

இப்படி மனு எழுதின அனுபவம் உள்ளவங்க மாதிரி ஒண்ணு தாங்க. சர்வே எண் வாரியா தனித்தனியா கொடுக்கணுமா, ஏலா முழுசுக்கும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா போதுமா? அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல், புலப்படம் (நில அளவுப் படம்) தவிர வேற என்ன இணைக்கணும்? வரைபடம் வாசிக்கத் தெரிஞ்ச சர்வேயர் யாராவது ஞாயித்துக்கிழமை வந்தா, ஏலாவை நடந்தே காட்டுதேன். சாப்பாடு எங்க வீட்டுல.